கயிறு யார் கையில்?

மன்னன் மகேசனின் மறுவடிவம் என்று நம் நாட்டில் மட்டுமா பேசினர்? இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்சும், தன் உரிமை ஆண்டவன் அளித்தது என்றான். மன்னனும் சட்டத்துக்கு உட்பட்டவனே என்றார் தலைமை நீதிபதி எட்வர்டு கோக். விளைவு? 1616-இல் பதவி பறிபோயிற்று!

மன்னன் விரும்பும்வரைதான் நீதிபதிக்குப் பதவி. அதுவே அன்றைய முறை. கயிறு அரண்மனையின் கையில்! பின்னர், மகன் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கேளாமல் கப்பல் வரி கேட்டான். ஜான் ஹாம்ப்டன் கட்ட மறுத்தார். 1638-இல், பன்னிரண்டு நீதிபதிகளில் எழுவர் மன்னன் பக்கமே சாய்ந்தனர்.

1701-இல் இயற்றப்பட்ட சட்டம் அந்தக் கயிற்றை அறுத்தது. நன்னடத்தை உள்ளவரை பதவி, நிலையான ஊதியம், நீக்குவதற்கு நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் வேண்டுதல் விடுக்க வேண்டும்.

நம் அரசியல் சட்டமும் நீதிபதியை எளிதில் நீக்க விடுவதில்லை. ஆயினும் நடந்ததென்ன? நெருக்கடி நிலையில், விசாரணையின்றிச் சிறைப்பட்டோரின் உரிமைக்காக 1976-இல் தனித்து நின்று தீர்ப்பெழுதினார் எச்.ஆர். கன்னா. 1977-இல், மூத்தவரான அவரைத் தாண்டி, இளையவரைத் தலைமை நீதிபதியாக்கினர். கன்னா பதவி துறந்தார். இருக்கும் பதவியைப் பறிக்க இயலாதவர்கள், வரவேண்டிய பதவியைப் பறித்தனர்!

தோழர்களே! நீதிபதியின் நெஞ்சுரத்தைப் போற்றுகிறோம். அந்த நெஞ்சுரத்துக்குச் சட்டம் அரண். சட்டத்துக்கு அரண், விழித்திருக்கும் நாமே!