கோயிற் பண்டாரமும் ஊர்க்கணக்கும்

பண்டை நாளில் ஊர்ப்பொருளைக் காக்கும் பொறுப்பு ஆலயங்களிடமே இருந்தது. தமிழகத்துக்கு வெகு தொலைவில் இருந்த உரோம் நகரிலும் இவ்வழக்கம் நிலவிற்று. அங்கே அரசின் கருவூலம் சாட்டர்ன் என்னும் தெய்வத்தின் கோயிலில் அமைந்திருந்தது. எடைக்கற்கள் காஸ்டர் கோயிலில் சரிபார்க்கப்பெற்றன. தெய்வத்தின் காவலில் உள்ள பொருளை எவரும் தீண்டார் என அம்மக்கள் எண்ணினர் போலும். ஆயினும் கி.மு. 49ஆம் ஆண்டில் ஜூலியஸ் சீசர், மெட்டல்லஸ் என்பார் தடுத்தும் கேளாது, அக்கருவூலத்தைத் திறந்து போர்ச்செலவுக்குப் பொன்னை எடுத்துச் சென்றார்.

சோழ நாட்டுக் கோயில்கள் தம் பொருளைக் கதவுக்குப் பின்னே பூட்டி வைத்ததோடு அமையவில்லை. கணக்கைச் சுவரில் எழுதி வைத்தன. கி.பி. 1010இல் முதலாம் இராசராசன் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலில், அரசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த அணிகலன்கள் ஒவ்வொன்றும் எடையுடன் பொறிக்கப்பட்டுள்ளன. பொன் நிறுத்த கல்லுக்கு 'ஆடவல்லான்' என இறைவன் பெயரே சூட்டப்பட்டிருந்தது. எடையில் குறைத்தால் இறைவன் பெயரிலேயே குறைத்ததாகுமன்றோ! இன்று திருவிழா மலர்களில் உபயகாரர் பெயர்களை அச்சிடும் வழக்கத்திற்கு இக்கல்வெட்டுகளையே முன்னோர் எனலாம். அக்காலத்துக் கடாரத்து அரசனின் முகவர் நாகப்பட்டினம் காரோணர் கோயிலுக்குச் 'சீனக் கனகம்' அளித்த செய்தியும் கல்லில் உள்ளது. மலேசிய மண்ணோடு தொடர்புடைய பெயர் அங்குக் காணப்படுவது மகிழ்ச்சிக்குரியது.

கொடைப்பொருள் முடங்கிக் கிடக்கவுமில்லை. தஞ்சைக் கோயிலின் காசு ஊர்ச் சபைகளுக்குக் கடனாக வழங்கப்பட்டது. ஆண்டொன்றுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், 'பொலிசை' என்னும் வட்டி வந்தது. அவ்வட்டியே பூசைக்கும் திருவிழாவுக்கும் பயன்பட்டது. ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. நாள்தோறும் உழக்கு நெய் அளப்பது அவர்தம் கடமை. ஆடுகள் குட்டி ஈன்று பெருகுவதால் முதல் குறையாது என்பது கணக்கு. 'சாவா மூவாப் பேராடு' என அக்காலத்தார் இதனை அழைத்தனர்.

பொருள் பலர் கையில் புழங்கும்போது ஐயமும் எழும். அதற்கு முன்னரே விடை கண்டவர்கள் உத்திரமேரூரார். இன்று வைகுந்தப் பெருமாள் கோயிலாக விளங்கும் சபை மண்டபத்தின் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. ஊரின் முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரிய உறுப்பினர் தெரிவு செய்யப்பட்ட முறையை அது விரிவாகக் கூறுகிறது. சொந்த மனை, காணிநிலம், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது எனத் தகுதிகள் பல. எல்லாவற்றிலும் கடுமையானது கணக்குப் பற்றிய விதியே. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் மீண்டும் தெரிவு செய்யப்படலாகாது. அவன் மட்டுமோ? தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன் என உறவுமுறை ஒவ்வொன்றாய்க் குறிக்கப்பட்டு, அவர்தம் பெயர் எழுதிய ஓலையும் குடத்தில் இடப்படலாகாது என விலக்கப்பட்டது.