பழைய மாற்று இன்ஜின் வாங்குதல்

பழைய மாற்று இன்ஜின் என்பது ஒரு வண்டியிலிருந்து கழற்றப்பட்டு, இன்ஜின் பழுதான இன்னொரு வண்டியில் பொருத்துவதற்காக விற்கப்படுவது. விபத்தில் நொறுங்கியும் இன்ஜின் தப்பிய கார், வெள்ளத்தில் மூழ்கியது, வயதாகி உடைப்புக்கு வந்தது என்று பல வழிகளில் அது சந்தைக்கு வருகிறது. திருட்டு வண்டியிலிருந்தும் வருவதுண்டு. அதனால் இரும்பைச் சோதிக்கும் அளவுக்கு அதன் காகிதங்களையும் சோதிக்க வேண்டும்.

திருவண்ணாமலையில் வாடகைக் கார்களுக்குத்தான் இதன் தேவை அதிகம். பௌர்ணமி, கார்த்திகை தீபக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தே போகும். மறுநாள் அதே வண்டி ஏறக்குறைய 190 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைக்கு நிற்காமல் ஓடும். சில சவாரிகளில் ஜவ்வாது மலை ஏற்றமும் உண்டு. கூலன்ட் ஊற்ற வேண்டிய ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து குழாய்கள் அடைபடும். சூடு ஏறி ஹெட் கேஸ்கட் போகும், ஹெட் வளையும், கவனிக்காவிட்டால் இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

அப்போது பலரும் சென்னை புதுப்பேட்டைக்குப் புறப்படுகிறார்கள். கூவம் கரையையொட்டிய இந்தப் பகுதி பழைய வாகன உதிரிபாகங்களுக்குத் தமிழ்நாடெங்கும் பெயர்பெற்றது. டெல்லிக்கு மாயாபுரியும் கொழும்புக்குப் பஞ்சிகாவத்தையும் இத்தகைய சந்தைகள். உத்தரப்பிரதேசத்து மீரட்டில் இருந்த சோதிகஞ்ச் சந்தை, திருட்டு வண்டிகளை உடைத்து விற்றதாக எழுந்த புகார்களால் 2021 இறுதியில் போலீஸ் நடவடிக்கையில் மூடப்பட்டது.

புறப்படும் முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முழு இன்ஜின் தேவையா? இன்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில். பிளாக் விரிசல் இல்லாமல் இருந்தால் போர் செய்தோ ஸ்லீவ் போட்டோ அதையே மீட்கலாம். ஹெட், கிராங்க் போன்றவற்றை மட்டும் பழையதாக வாங்கிப் பொருத்தினால் எண் மாறாது, ஆர்சியும் (பதிவுச் சான்று) மாறாது. லேத் வேலைக்குச் சில நாட்கள் வண்டி நிற்கும்; அந்த நாட்களின் வருமானம் போகும். ஆனாலும் வாடகை வண்டிக்காரருக்கு இதுவே நல்ல வழி. பிளாக்கே உடைந்திருந்தால்தான் முழு இன்ஜினைத் தேட வேண்டும்.

தேடும்போது பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் (1248 சிசி) நல்ல உதாரணம். மாருதி ஸ்விஃப்ட், டிசையர், எஸ்எக்ஸ்4, டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல கார்களில் அதே குடும்பத்து இன்ஜின் ஓடியது. ஆனால் டர்போ, இன்ஜின் மவுண்ட், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஆகியவை காருக்குக் கார் வேறுபடும். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் அந்த வண்டியின் சொந்த ஈசியூவையே வைத்துக்கொள்வது சிக்கலைக் குறைக்கும். இன்ஜெக்டர்களுக்குக் குறியீடு உள்ள மாடலானால் அதை ஸ்கேனர் வழியே ஈசியூவில் பதிய வேண்டும்.

கடையில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் காற்று வேகமாக அடிப்பதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். அது ரிங் தேய்ந்ததன் அடையாளம். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓட்டிக் காட்ட வசதியில்லாத கடையில் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்த்து, கம்ப்ரஷன் மீட்டர் வைத்து அளக்கலாம். சிலிண்டர்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் வாங்கவே கூடாது. பெயின்ட் அடித்துப் பளபளக்கும் இன்ஜினைவிட அழுக்கோடு இருப்பது மேல். ஆயில் கசிவு எங்கே என்பதை அழுக்கு காட்டிக்கொடுக்கும். பொருத்தும் முன் டைமிங் பெல்ட் அல்லது செயின், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் புதிதாக மாற்றிவிட வேண்டும். இன்ஜின் வெளியே இருக்கும்போது இந்த வேலை எளிது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. இன்ஜினை மாற்றினால் அதை 14 நாட்களுக்குள் பதிவு அலுவலரிடம் தெரிவித்து ஆர்சியில் பதிய வேண்டும். அதே நிறுவனத்தின் அதே வகை இன்ஜினையே தேர்ந்தெடுத்து, வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு. திருவண்ணாமலை வண்டிகளுக்கு டிஎன் 25 அலுவலகம். ஆரணிப் பகுதிக்கு டிஎன் 97. கடன் நிலுவையில் இருந்தால் நிதி நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் புதிய எண் ஏற வேண்டும், இல்லையென்றால் விபத்து இழப்பீட்டில் தகராறு வரும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளர் மீது 182ஏ பிரிவின்கீழ் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

வாடகை வண்டி முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் எஃப்சிக்கு (தகுதிச் சான்று) போக வேண்டும். இன்ஜின் எண் ஆர்சியோடு பொருந்தாவிட்டால் அங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டுவிடும். எண்ணைத் தேய்த்துவிட்டுப் பழைய எண்ணை அடித்துத் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அது குற்றம், தேய்த்த எண்ணையும் தடயவியல் ஆய்வகம் அமிலப் பூச்சின் மூலம் மீட்டெடுக்க முடியும்.

எனவே கடைப் பெயர், இன்ஜின் எண், வந்த வண்டியின் பதிவு எண் மூன்றும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். வண்டி உடைப்புக்கு விடப்பட்டதற்கான காகித நகலையும் சேர்த்துக் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.