குழந்தைக்கு ஓர் அறை

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தார்கள். காப்பு, செங்கீரை என்று தொடங்கி மூன்றாவதாக வருவது தாலப் பருவம். குழந்தையைத் தாலாட்டித் தூங்க வைப்பதற்கென்றே ஒரு பருவத்தை ஒதுக்கி வைத்த மொழி நம்முடையது. தொட்டிலைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு பேசுகிறோமே தவிர, குழந்தையின் அறை என்று பேசும் வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை. கஞ்சத்தனம் இதற்குக் காரணமல்ல. குழந்தை தனியாகத் தூங்க வேண்டும் என்ற எண்ணமே நம்மவர்களுக்குத் தோன்றவில்லை.

வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக் குடித்தன வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் வரிசையாகக் குடித்தனங்கள், குடித்தனத்துக்கு ஒரே அறை. பகலில் அதுதான் கூடம். சாப்பாட்டு வேளையில் சாப்பாட்டு அறை. இரவில் பாய் விரித்தால் படுக்கையறை. மேலே தேக்கு உத்திரம். அதில் ஓர் இரும்பு வளையம். ஒரு பழைய நூல் புடவையை அதில் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே ஒரு கட்டையைக் குறுக்கே செருகிவிட்டால் தூளி தயார். பகலெல்லாம் ஆடும், வேண்டாதபோது சுருட்டி மேலே செருகிவிடலாம். தரையில் ஓர் அங்குல இடமும் கேட்காத, செலவே இல்லாத குழந்தை அறை அது. புதுப் புடவை தூளிக்கு உதவாது. நூறு முறை துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன புடவைதான் வேண்டும். சலவைத் தொழிலால் பெயர் பெற்ற பேட்டையில் அதற்குப் பஞ்சமா?

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தக் கடற்கரையில் இடம் வாங்கியதற்குத் துணி வியாபாரம்தான் முக்கியமான காரணம். தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பு நிறமாக, முரடாக இருக்கும். அதை அப்படியே கப்பலில் ஏற்றினால் சீமையில் விலை போகாது. உவர்மண்ணில் ஊற வைத்து, வெள்ளாவியில் வைத்து, கல்லில் அடித்து, வெயிலில் விரித்து வெளுக்க வேண்டும். அதற்குத் தண்ணீரும் திறந்த வெளியும் தேவை. கோட்டைக்கு வடக்கே, கறுப்பர் நகரத்தைத் தாண்டியிருந்த வெளியில் அந்த வேலை செய்தவர்கள் குடியிருந்தார்கள். அவர்களுடைய பெயர்தான் பேட்டைக்கு நிலைத்தது. கம்பெனி போய்விட்டது, கப்பல்களும் போய்விட்டன. 2019-ல் பூமிக்கு அடியில் மெட்ரோ ரயில் வந்து நின்றபோது, நிலையத்தின் பெயர்ப் பலகையில் வண்ணாரப்பேட்டை என்றே எழுதினார்கள்.

குழந்தைக்குத் தனி அறை என்பது சீமையில் வசதி படைத்த வீடுகளில் வளர்ந்த வழக்கம். 1693-ல் தத்துவ ஞானி ஜான் லாக் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதிய நூலில், குழந்தைக்கு இறகு மெத்தை கூடாது, கடினமான படுக்கையே நல்லது என்றார். நம் பாய்க்கு அவர் நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தது போல இருக்கிறது! பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழந்தை அறைக்கென்றே சுவர்க் காகிதங்கள் அச்சாயின. வால்டர் கிரேன் என்ற சித்திரக்காரர் 1875-ல் குழந்தைப் பாடல் ஒன்றின் ராஜா ராணிகளைச் சுவர்க் காகிதத்தில் வரைந்து பெயர் பெற்றார். ஆனால் அதே காலத்தில் வேறு சில காகிதங்களில் இருந்த அழகிய பச்சை நிறம் செம்பும் பாஷாணமும் கலந்தது. ஷீலே என்ற ரசாயன நிபுணர் 1775-ல் கண்டுபிடித்த பச்சை அது. குழந்தையின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஒட்டிய காகிதமே விஷமாக இருந்தது.

எங்கள் வீட்டின் பின்கட்டில் எட்டடிக்கு ஒன்பதடியில் ஒரு சாமான் அறை உண்டு. உடைந்த நாற்காலி, ஓட்டை அண்டா, யாரும் படிக்காத பழைய பத்திரிகைக் கட்டுகள் இவற்றின் ராஜ்யம். பெண்ணுக்கு ஐந்து வயது முடிந்ததும், அதைக் காலி செய்து அவளுக்கென்று சீர்படுத்தலாம் என்று நானும் என் கணவரும் தீர்மானித்தோம். ஆள் வைக்கப் போவதில்லை. எல்லாம் எங்கள் கையாலேயே. என் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை.

"ஏம்மா, இத்தனூண்டு பொண்ணைத் தனியாவா படுக்கப் போடப் போறே? ராத்திரி முழிச்சுக்கிட்டா யாரைக் கூப்பிடும்?" என்றார்.

"உங்களைத்தான் அத்தை. நடுக் கதவை எடுத்துடப் போறோம். உங்க கட்டில்லேருந்து பார்த்தா அவ முகம் தெரியும்."

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் தம் கட்டிலை அவரே சொல்லி ஓரடி நகர்த்திப் போடச் செய்தார். தலைமுறை தலைமுறையாகக் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கியவர்களின் கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அறையைத் தொட வேண்டும் என்று எனக்கும் தோன்றியது.

அடுத்த கேள்வி ஜன்னலிடமிருந்து வந்தது. மரக் கதவில் எத்தனையோ வருஷத்துப் பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. உப்புக்கல் தாளைப் போட்டுத் தேய்த்துவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் நடந்ததை நான் படித்திருந்தேன். 1892-ல் அங்கே குழந்தைகளுக்குக் காரணம் புரியாமல் கை கால் சோர்ந்துபோன நோயை வைத்தியர்கள் ஈய விஷம் என்று கண்டார்கள். அந்த ஈயம் எங்கிருந்து வந்தது? 1904-ல் லாக்ஹார்ட் கிப்ஸன் என்ற கண் வைத்தியர் விடை சொன்னார். வீட்டுத் தாழ்வாரக் கிராதிகளின் பெயின்ட் வெயிலில் பொடியாகிறது. குழந்தை அதைத் தொடுகிறது. விரலை வாயில் வைக்கிறது. அவ்வளவுதான். 1922-ல் அந்த மாகாணத்தில் சட்டம் வந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்ய 1978 வரை ஆயிற்று. நம் நாட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016-ல் எழுதப்பட்டு, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவு, ஜன்னல், கிராதி, தொட்டில் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவையே. ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்கும். எவ்வளவு குறைந்த அளவும் தீங்கற்றது என்று சொல்ல முடியாது என்பது இன்றைய வைத்திய அறிவு.

ஆகவே பெண்ணைத் திருவொற்றியூரில் அவளுடைய அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பெயின்ட்டை உலர்ந்தபடி தேய்க்காமல், நெருப்பிலும் காட்டாமல், தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்தோடேயே சுரண்டினோம். உதிர்ந்ததைக் காகிதத்தில் சேர்த்துக் கட்டினோம். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் மூன்று முறை துடைத்தோம். பெருக்கினால் தூசி பறந்து திரும்பவும் வந்து உட்கார்ந்துவிடும்.

சுவருக்கு மட்டும் பழைய வழியே போதும் என்று முடிவு செய்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பு சென்னையின் பழைய பெருமை. கிளிஞ்சலைச் சுட்டால் அதிலிருந்து கரிக்காற்று வெளியேறும். நீற்றுப் பூசினால் காற்றிலிருந்து அதே கரிக்காற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு சுவரில் மறுபடி கல்லாகிவிடும். பூஞ்சை எளிதில் அண்டாது. கையாளும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதில் ஒரு சிட்டிகை நீலம் சேர்த்தோம். சலவைக்குப் போடும் அதே நீலம்தான். மஞ்சள் சாயலை அடக்கி வெண்மையை எடுத்துக் காட்டும் வித்தை துணிக்கும் சுவருக்கும் ஒன்றே.

அந்த நீலத்தின் சரித்திரத்தை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வெட்டியெடுத்த கல்லைப் பொடி செய்து அந்த வர்ணத்தை எடுத்தார்கள். ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் தங்கத்தின் விலை கொடுத்து வாங்கி, மாதா மேரியின் மேலாடைக்கு என்று பத்திரப்படுத்துவார்கள். 1820-களில் கீமே என்ற பிரெஞ்சுக்காரர் களிமண், சோடா, கந்தகம் முதலியவற்றைச் சுட்டு அதே நீலத்தைச் செயற்கையாகச் செய்தார். அதன் பிறகு மேரியின் மேலாடைக்கு உரியது வேட்டிக்கும் சுவருக்கும் வந்து சேர்ந்தது. சுண்ணாம்பின் காரத்தில் அது கெடுவதுமில்லை.

என் பெண்ணுக்கு இந்தச் சரித்திரம் எதுவும் வேண்டாம். திரும்பி வந்தவள் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, உத்திரத்து வளையத்தைக் காட்டி அது எதற்கு என்று கேட்டாள். அவளுடைய அப்பா தூங்கிய தூளி அதில்தான் தொங்கியது என்று பாட்டி சொன்னார். உடனே தனக்கும் அதில் ஏதாவது கட்ட வேண்டும் என்று பிடிவாதம். பாட்டியே பெட்டியைத் திறந்து ஒரு பழைய சுங்கடிப் புடவையை எடுத்துக் கொடுத்தார். அது இப்போது அங்கே ஊஞ்சலாகத் தொங்குகிறது.

கடைகளில் குழந்தை அறைக்கென்று கட்டிலும் திரையும் பொம்மை ஒட்டிய சுவர்க் காகிதமும் ஏராளமாக விற்கிறார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். வாங்குவதற்கு முன் பழைய ஜன்னலை ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் பொடி ஒட்டினால், முதல் செலவு அங்கேதான்.