புதுத் துப்பாக்கியும் பழகிய கையும்

ஓர் ஆயுதத்திற் பழகிய கையில் வேறோர் ஆயுதத்தைக் கொடுத்தல் எளிய காரியமன்று. அமெரிக்கச் சேனையார் 1903 முதல் கைக்கொண்ட ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கி ஐந்து தோட்டாக்கள் கொள்ளும். வேட்டுக்கு வேட்டு அதன் தாழைக் கையால் இழுத்துத் தள்ளவேண்டும். 1936-இல் அவர்கள் ஜான் காரண்டு என்பார் இயற்றிய எம்-1 துப்பாக்கியை ஏற்றனர். தோட்டா அதுவே; கொள்வது எட்டு. வெடிவாயுவே தாழை இயக்கிவிடும்.

ஆயினும், நெடுந்தூரக் குறியிற் பேர்பெற்ற மெரீன் படையார் இதனை எளிதில் நம்பினாரல்லர். அவர்தம் ஐயம் வீணென்று நாம் சொல்லோம். புதியதில் குழலோடு வாயு உருளையும் மரக்காப்பும் பிணைந்திருத்தலால், அவற்றுள் ஒன்று நெகிழினும் குறி சிதறும்.

அஃதன்றிப் பழக்கமும் ஒன்றுண்டு. தாழிழுக்கும் இடைவேளையிற் பழைய சிப்பாய் மூச்சைத் திருத்தி மனத்தை அமைத்துக்கொள்வான். புதியதில் அவ்விடைவேளை இல்லை. அடுத்த வேட்டு ஆயத்தமாயிருத்தலே அவசரத்துக்கு இடங்கொடுக்கும். ஆதலின் விசையை மெல்ல அழுத்தி, வேட்டுத் தீர்ந்த பின்னரும் விரலை விடாது, குறியை நோக்கியபடியே இருக்கப் பயிலவேண்டும். கன்னத்தைக் கட்டையினின்று எடுக்கலாகாது. (தாழிழுக்குந்தோறும் தலைதூக்கிப் பழகியோர்க்கு இதுவே பெரும்பாடு!)

1942 ஆகஸ்டில் குவாடல்கனால் தீவில் மெரீன்கள் பழைய துப்பாக்கியுடனேயே இறங்கினர். அக்டோபரில் எம்-1 ஏந்தி வந்த 164-ஆம் காலாட்படையார், ஹெண்டர்சன் விமானத்தளத்தைக் காத்த இராப்போரில் அவர்களோடு தோள்சேர்ந்து நின்றனர். இருளில் திரண்டு வருவோர்முன், நெடுந்தூரக் குறியினும் ஓயாத வேட்டே உயிர்காப்பதென்பது ஆங்குக் கண்கூடாயிற்று. போர் முடியுமுன் மெரீன்கள் கையிலும் எம்-1 விளங்கிற்று.