பெற்றோல் விலையும் இலங்கையும்

இலங்கையிற் பெற்றோலின் விலை இலங்கையராலே தீர்மானிக்கப்பட்ட காலம் மிகக் குறுகியது. 1948இற் சுதந்திரம் கிடைத்து ஒரு தசாப்தத்துக்கு மேலாகியும், ஷெல், கால்டெக்ஸ், பின்னர் எஸ்ஸோ எனப் பெயர்பெற்ற ஸ்ராண்டர்ட் வக்கூம் ஆகிய அந்நியக் கொம்பனிகளே எண்ணெயைத் தருவித்தன, களஞ்சியப்படுத்தின, விற்றன. விலையும் அவற்றின் கணக்குப்படியே அமைந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தது 1961ஆம் ஆண்டின் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம், கொம்பனிகள் கேட்டதிலும் குறைந்த விலைக்குச் சோவியத் ஒன்றியத்திடம் எண்ணெய் கொள்ள உடன்பட்டது. வாங்கினாற் போதுமா? தாங்கிகளும் விற்பனை நிலையங்களும் கொம்பனிகளிடமே இருந்தன. ஆதலால் 1962இல் அவற்றுட் பலவற்றை அரசு சுவீகரித்தது. நட்டஈடு பற்றிய பிணக்கு முற்றவே, 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1964இல் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று. பிணக்கோ 1965இல் டட்லி சேனநாயக்காவின் ஆட்சியிலேயே தீர்ந்தது. மலிவான எண்ணெய்க்கு நாடு கொடுத்த விலையில் இதனையுஞ் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

1969இற் சபுகஸ்கந்தையிற் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. எனினும் மசகெண்ணெய் பிறநாட்டதே. 1973 ஒக்டோபரில் மூண்ட அரபு-இஸ்ரேல் போரையடுத்து, பீப்பாயொன்றின் விலை சுமார் 3 டொலரிலிருந்து 1974 தொடக்கத்தில் 11 டொலருக்கு மேல் ஏறியது. கொம்பனிகள் இழந்த அதிகாரம் உற்பத்தி நாடுகளைச் சேர்ந்ததேயன்றிக் கொழும்பைச் சேரவில்லை.

உலகச் சந்தையை மட்டும் நோக்குவோர் யாழ்ப்பாணத்தை மறந்துவிடுவர். 1990இற் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டிற் பெற்றோல் போத்தலில் விற்கும் அரும்பொருளாயிற்று. கொழும்பு விலையினும் அது பன்மடங்கு. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார்ச் சைக்கிள்களின் புகையை அக்காலத்தவர் மறவார்.

அத்தட்டுப்பாட்டின் சாயலை முழு நாடும் கண்டது 2022இலேயே. 2021 டிசெம்பரில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற 92 ஒக்ரேன் பெற்றோல், 2022 யூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. உக்கிரேன் போர் ஒரு காரணமே. டொலருக்கு 200 ரூபாவாக இருந்த நாணயமதிப்பு சில வாரங்களில் 360 வரை சரிந்தமை அதனினும் பெரிது. காசு கையிலிருந்தும் எண்ணெயின்றி மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். 2003இல் இந்திய நிறுவனத்துக்கு ஒரு பகுதி திறக்கப்பட்ட விற்பனைத்துறை, 2023இற் சீனாவின் சினோபெக்குக்குந் திறக்கப்பட்டது. 1964இற் பெற்றோல் விற்பனையை விட்டகன்ற ஷெல்லின் பெயர்ப்பலகையும் அதன்பின் வீதியோரங்களில் மீண்டுந் தோன்றியது.