டாபர்மேன் வளர்க்க ஆசையா? முதல்ல இதைப் படிங்க!

"ஏரியாவுல திருட்டு பயம் ஜாஸ்தியாயிடுச்சு. ஒரு டாபர்மேன் வாங்கிப் போட்டுடலாமா?" - தனி வீட்டில் குடியிருக்கும் பலர் கேட்கும் கேள்வி இது. மினுமினுக்கும் கறுப்பு உடம்பு, ஒட்டிய வயிறு, விறைப்பான நடை... கேட்டுக்குப் பின்னால் நின்றாலே போதும், யாரும் கிட்ட வர யோசிப்பார்கள். ஆனால், 'வாங்கிப் போடுறது' என்கிற அந்த நினைப்பில்தான் சிக்கலே இருக்கிறது. டாபர்மேன், வாசலில் கட்டிப்போட்டுவிட்டு மறந்துபோகிற நாய் இல்லை.

வரி வசூலுக்குத் துணை

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜெர்மனியின் அபோல்டா நகரத்தில் வாழ்ந்தவர் கார்ல் ஃப்ரீட்ரிக் லூயிஸ் டாபர்மேன். வரி வசூல் செய்வது அவர் வேலை. தெருநாய் பிடிக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. கையில் பணத்தோடு தனியாகப் போகிறவருக்குத் துணையாக ஒரு நாய் வேண்டுமே? அதற்காக அவர் உருவாக்கிய இனம்தான் இது. எந்தெந்த நாய்களைக் கலந்தார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. 1894-ல் அவர் இறந்த பிறகு, மற்றவர்கள் இந்த இனத்தை மெருகேற்றி, அவர் பெயரையே வைத்தார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இது ஒரு மனிதரின் பக்கத்திலேயே நடப்பதற்காக உருவான நாய். அதனால்தான் வீட்டில் ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்குப் போனால்கூட பின்னாலேயே வரும். நாள் முழுக்க சங்கிலியில் கட்டிவைத்தால் காவல் காக்காது. பதற்றமாகும், ஓயாமல் குரைக்கும், கடிக்கவும் துணியும்.

உங்களிடம் நேரம் இருக்கா?

வளர்ந்த ஆண் நாய் 68 முதல் 72 செ.மீ உயரமும், 40 முதல் 45 கிலோ எடையும் இருக்கும். இவ்வளவு பலமான நாய்க்கு தினமும் குறைந்தது ஒரு மணி நேரமாவது நடை, ஓட்டம், விளையாட்டு வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு, காலையில் வெயில் ஏறும் முன்பும் மாலையில் தரை சூடு தணிந்த பிறகும் கூட்டிப் போவதே நல்லது.

ரொம்பப் புத்திசாலியான இனம். சொல்லிக் கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். சொல்லிக் கொடுக்காவிட்டால் தானே முடிவெடுக்க ஆரம்பிக்கும். குட்டியாக இருக்கும்போதே விருந்தாளிகள், குழந்தைகள், பைக் சத்தம், மற்ற நாய்கள் எல்லாவற்றையும் பழக்கிவிட வேண்டும். அடித்துப் பழக்காதீர்கள். பயந்த டாபர்மேன்தான் ஆபத்தான டாபர்மேன். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், இரண்டையும் தனியாக விடவே கூடாது.

சாப்பாட்டிலும் கவனம்

ஒரே வேளையில் வயிறு முட்ட வைக்காமல், இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு வீங்கி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால், விடியும் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றுக்கும் எப்போதுமே தடா!

யாரும் சொல்லாத விஷயம்

குட்டி விற்பவர்கள் பலரும் வாயே திறக்காத விஷயம், இதயம். இதயத் தசை பலவீனமாகி, இதயம் பெரிதாகிவிடும் நோய் டாபர்மேன்களுக்கு மிக அதிகம். ஐரோப்பாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட டாபர்மேன்களுக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்று தெரியவந்தது. கொடுமை என்னவென்றால், நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த நாய் திடீரென்று சுருண்டு விழுந்து இறந்துபோகலாம். மூன்று வயதிலிருந்து ஆண்டுதோறும் எக்கோவும், 24 மணி நேர ஈசிஜியும் எடுத்துப் பார்த்தால் முன்கூட்டியே கண்டுபிடித்து, மருந்து மூலம் ஆயுளை நீட்டிக்க முடியும்.

ரத்தம் சீக்கிரம் உறையாத பரம்பரைக் குறைபாடும் இந்த இனத்தில் உண்டு. எனவே, கருத்தடை ஆபரேஷனுக்கு முன்பு டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

காதும் வாலும் அப்படியே இருக்கட்டும்!

விறைத்த காதும் குட்டை வாலும் பிறப்பிலேயே வருவது இல்லை, வெட்டுவதால் வருவது. இயற்கையில் டாபர்மேனின் காது தொங்கும், வால் நீளமாக இருக்கும். அழகுக்காக வெட்டும் இந்தப் பழக்கத்துக்கு, இந்த இனம் பிறந்த ஜெர்மனியிலேயே தடை இருக்கிறது. வெட்டாத குட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கும் முன்...

* தாய் நாயை நேரில் பாருங்கள். ஆளைக் கண்டு மிரள்கிறதா, சீறுகிறதா, இயல்பாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.
* தாய், தந்தை நாய்களின் இதயப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேளுங்கள். மழுப்பினால், வேறு இடம் பாருங்கள்.
* எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள்.
* தடுப்பூசி அட்டவணையை டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ரேபிஸ் ஊசி கட்டாயம். சென்னைவாசிகள் என்றால் மாநகராட்சி உரிமமும் எடுக்க வேண்டும்.
* வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று கேளுங்கள். சுமார் 10 ஆண்டுப் பொறுப்பு இது.

திருட்டு பயம் மட்டும்தான் காரணம் என்றால், ஒரு நல்ல பூட்டும் சிசிடிவி கேமராவும் போதும். அவற்றுக்குச் சோறும் வேண்டாம், பாசமும் வேண்டாம். டாபர்மேனுக்கு இரண்டுமே வேண்டும். 'வாங்கிப் போட' இல்லாமல், 'கூடவே வெச்சுக்க' நினைக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்!