மீன்களுக்குத் தீவனம் வழியே தடுப்பு மருந்து: செடிகள் கைகொடுக்குமா?

ஒரு ஏக்கர் குளத்தில் 3,000 முதல் 4,000 விரலளவு குஞ்சுகளை இருப்பு செய்கிறோம். ஆடு, மாடுகளுக்குப் போடுவதுபோல் ஒவ்வொரு மீனையும் பிடித்து ஊசி போடுவது நடைமுறையில் இயலாத காரியம். வலையில் அடிபட்டு செதில் உதிர்ந்த மீனுக்கு அந்தப் புண் வழியாகவே நோய் வந்துவிடும். எனவே, தீவனத்தோடு கொடுக்கக்கூடிய தடுப்பு மருந்தை உருவாக்க விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர். அந்த மருந்தைச் செடிகளிலேயே விளைவிக்கும் ஆராய்ச்சியும் நடக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எந்த அளவில் இருக்கிறது, மீன் வளர்ப்போர் இப்போது என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

மீன் தடுப்பூசி புதிதல்ல

1942-ஆம் ஆண்டிலேயே கனடாவில் டஃப் என்ற விஞ்ஞானி, கொல்லப்பட்ட பாக்டீரியாவைத் தீவனத்தில் கலந்து டிரவுட் மீன்களுக்குக் கொடுத்து நோயைத் தடுத்துக் காட்டினார். 1976-இல் அமெரிக்காவில் முதல் மீன் தடுப்பு மருந்து விற்பனைக்கு உரிமம் பெற்றது. நார்வே நாட்டு சால்மன் பண்ணைகளில் 1987-இல் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் மருந்து செலவானது. தடுப்பூசி பரவலான பிறகு, உற்பத்தி பல மடங்கு பெருகியும், மருந்துச் செலவு அதில் மிகச் சிறு பங்காகக் குறைந்துவிட்டது.

நம் நாட்டிலும் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், கொடுவா போன்ற மீன்களைத் தாக்கும் வைரஸ் நரம்பு நோய்க்கு 'நோடாவேக்-ஆர்' என்ற தடுப்பூசியை உருவாக்கியுள்ளது. ஆனால், அது ஊசி மூலம் செலுத்தப்படுவது. ஊசிச் செலவு விலையுயர்ந்த மீனுக்குக் கட்டுப்படியாகலாம். கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்போருக்குக் கட்டுப்படியாகாது.

செடி எப்படி மருந்தாகிறது?

நோயை உண்டாக்கும் வைரஸின் மேலுறை ஒரு புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவை மட்டும் பிரித்தெடுத்துச் செடியின் செல்லுக்குள் செலுத்துகின்றனர். செடி வளரும்போது அந்தப் புரதத்தையும் சேர்த்து உற்பத்தி செய்கிறது. முழு வைரஸ் இல்லாததால் அதனால் நோய் உண்டாகாது. ஆனால், மீனின் உடல் அதைப் பகையாக அடையாளம் கண்டு எதிர்ப்பு சக்தியை வளர்த்துக்கொள்ளும்.

இதில் மூன்று நன்மைகள் உள்ளன. முதலாவது, செடியின் தடித்த செல்சுவர் ஓர் உறைபோல இருந்து, செரிமான நீர் புரதத்தை உடனே சிதைத்துவிடாமல் காக்கிறது. இரண்டாவது, உறைநிலையில் உலர்த்திய இலைத்தூளில் புரதம் சாதாரண அறை வெப்பநிலையிலேயே மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது லெட்யூஸ் கீரையில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. குளிர்பெட்டி இல்லாத கிராமங்களுக்கு இது பெரிய வசதி. மூன்றாவது, பெரிய தொழிற்சாலை இல்லாமல் பசுமைக்குடிலிலேயே உற்பத்தியைப் பெருக்கலாம்.

இதுவரை நடந்தவை

1992-இல் மஞ்சள்காமாலை-பி வைரஸின் புரதம் புகையிலைச் செடியில் தயாரிக்கப்பட்டது. கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் நோய்க்காகப் புகையிலை செல்களில் தயாரித்த தடுப்பு மருந்துக்கு 2006-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், மீன்களின் வைரஸ் நரம்பு நோய்க்கான துகள்களைப் புகையிலை இனச் செடியில் தயாரித்து, ஐரோப்பியக் கடல் பாஸ் மீன்களுக்கு ஊசியாகப் போட்டபோது நோயிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது. அதாவது, செடியில் தயாராகும் மருந்து மீனுக்கு வேலை செய்கிறது. அதையே தீவனம் வழியே கொடுத்து ஊசிக்கு இணையான பலன் பெறுவதுதான் மீதமிருக்கும் சவால்.

மங்களூர் மீன்வளக் கல்லூரி விஞ்ஞானிகள் 1990-களில் வேறொரு வழியைக் காட்டினர. ஏரோமோனாஸ் பாக்டீரியாவை வழவழப்பான படலமாக வளர்த்து, செயலிழக்கச் செய்து, கெண்டை மீன்களுக்குத் தீவனத்தில் கொடுத்தனர். படலமே காப்புறையாக இருந்ததால் நல்ல எதிர்ப்பு சக்தி உருவானது. உறை இருந்தால் வாய்வழி மருந்து பலிக்கும் என்பதற்கு இது நம் மண்ணிலேயே கிடைத்த சான்று.

தீர வேண்டிய சிக்கல்கள்

• கெண்டை இன மீன்களுக்குத் தனி இரைப்பை கிடையாது. எனவே அமிலத்தால் மருந்து சிதைவதில்லை. ஆனால், குடலின் முன்பகுதியிலேயே செரிமான நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். மருந்து குடலின் பின்பகுதியைச் சேர்ந்தால்தான் பலன். கொடுவா, திலேப்பியா மீன்களுக்கு இரைப்பை அமிலத்தையும் தாண்ட வேண்டும்.

• குளத்தில் வலுத்த மீன் அதிகம் தின்னும், இளைத்த மீனுக்குக் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மருந்து சேர்வது கடினம்.

• நாள்தோறும் தொடர்ந்து கொடுத்தால் உடல் அதைச் சாதாரண உணவாகவே பழகிக்கொள்ளும் அபாயம் உண்டு. குறிப்பிட்ட நாட்கள் கொடுத்து, இடைவெளி விட்டு, மீண்டும் கொடுக்க வேண்டும்.

• மரபணு மாற்றிய செடி என்பதால் சுற்றுச்சூழல் ஒப்புதலும், மருந்து என்பதால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமமும் தேவை.

எதற்குப் பயன்படாது?

தடுப்பு மருந்து நோய் வருமுன் கொடுப்பது. நோய் கண்ட மீன் முதலில் இரை எடுப்பதையே நிறுத்திவிடும். அதற்குத் தீவன மருந்தால் பயனில்லை. மீன் பேன் போன்ற ஒட்டுண்ணிகளுக்கும் இது தீர்வல்ல. இறால்களுக்கு மீன்களைப்போல் எதிர்ப்பொருள் உருவாக்கும் அமைப்பு இல்லாததால், மீன் தடுப்பு மருந்து இறாலுக்குப் பொருந்தாது.

இப்போது செய்ய வேண்டியவை

செடியில் தயாரித்த மீன் தடுப்பு மருந்து எதுவும் இந்தியாவில் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. 'மூலிகை மீன் தடுப்பூசி' என்று யாராவது இலைப்பொடியை விற்றால் வாங்கி ஏமாற வேண்டாம். வேம்பு, மஞ்சள், பூண்டு ஆகியவை மீனுக்குப் பொதுவான பலன் தரலாம். ஆனால், அவை தடுப்பூசி ஆகா.

1. தரச்சான்று பெற்ற பண்ணைகளில் மட்டும் குஞ்சு வாங்கவும். குளத்தில் விடுமுன் 2 முதல் 3 சத உப்புக் கரைசலில் ஒன்றிரண்டு நிமிடம் நனைத்து எடுக்கவும்.

2. நீரின் கார அமில நிலை 7.5 முதல் 8.5 வரை இருக்குமாறு, சோதித்த பிறகே சுண்ணாம்பு இடவும்.

3. பிற குளங்களில் பயன்படுத்திய வலையை நன்கு வெயிலில் காயவைத்த பிறகே இறக்கவும்.

4. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற தடை செய்யப்பட்ட மருந்துகளை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது.

5. இருப்பு செய்த நாள், தீவன அளவு, தினமும் இறந்த மீன்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வைக்கவும். மீன்கள் சாகத் தொடங்கினால், உயிர் ஊசலாடும் மீன்களையே பரிசோதனைக்குக் கொடுக்கவும். செத்து அழுகிய மீனில் நோயைக் கண்டறிய முடியாது.

நம் குளங்களில் எந்தக் கிருமி அதிகம் தாக்குகிறது என்பது தெரிந்தால்தான் அதற்கேற்ற மருந்தை உருவாக்க முடியும். ஆகவே, இன்று நீங்கள் எழுதி வைக்கும் குறிப்பும், கொடுக்கும் மாதிரியும் நாளைய தடுப்பு மருந்துக்கு அடித்தளம். மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, மீன்வளத் துறை அலுவலகத்தையோ அணுகலாம்.